பெருங்குடல் சதைமுளை: யாருக்கு முதலில் சோதனை?

(ஆனைகட்டியில் இரு மாநில எல்லைப்புற ஊர்களின் சுகாதாரப் பணியாளர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், ஊர் மூப்பர்கள் ஆகியோர் கூடியிருந்தபோது நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லேன். பொருளாதாரம் பயின்றவன், மத்திய அரசுப் பணியில் பல்லாண்டுகளாகத் திட்டச் செலவுகளின் கணக்கைப் பார்த்து வருபவன். பெருங்குடல் நோயைப் பற்றிப் பேச இத்தகைய ஒருவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்களைக் கூறுவேன். வசதி குறைவாகவும் தேவை மிகுதியாகவும் உள்ள இடத்தில் யாருக்கு முதலில் வழங்குவது என்பது பொருளாதாரத்தின் அடிப்படைக் கேள்வி. இன்றைய பொருளும் அதுவே. இது முதற் காரணம். இரண்டாவது காரணம் என் குடும்பத்தைச் சார்ந்தது. அதை உரையின் முடிவில் கூறுகிறேன்.

நோயின் தன்மை

பெருங்குடலின் உட்சுவரில் சிலருக்குச் சிறு சதைமுளைகள் தோன்றுகின்றன. மருத்துவர்கள் இவற்றைப் பாலிப் என்பர். இவற்றுள் அடினோமா என்னும் வகையே நமது கவனத்திற்கு உரியது. பெருங்குடற் புற்றுநோயின் பெரும்பகுதி இத்தகைய முளைகளிலிருந்தே தோன்றுகிறது. ஆனால் எல்லா முளைகளும் புற்றாக மாறுவதில்லை. மிகப் பெரும்பாலானவை மாறாமலே இருந்துவிடுகின்றன. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட முளையில் ஆபத்து மிகக் குறைவு. 10 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அளவுடையவை, உயிரணுக்களின் அமைப்பு பெரிதும் திரிந்தவை ஆகியவற்றில் ஆபத்து கூடுகிறது.

இந்நோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. முளை புற்றாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்தாண்டுகள் அல்லது அதற்கும் மேற்பட்ட காலம் ஆகிறது. பல புற்றுநோய்களில் நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பதுதான் நம்மால் இயன்ற எல்லை. இங்கோ நோய் தோன்றுவதற்கு முன்னரே அதன் வித்தை அகற்றிவிட முடியும். அமெரிக்காவில் நடைபெற்ற தேசிய பாலிப் ஆய்வு இதனை 1993-இல் எண்களால் காட்டியது. அடினோமா முளைகள் அகற்றப்பட்டவர்களுக்குப் பெருங்குடற் புற்று தோன்றியது, எதிர்பார்க்கப்பட்டதைவிட 76 முதல் 90 விழுக்காடு வரை குறைவாக இருந்தது. அவர்களிடையே இந்நோயால் நேர்ந்த இறப்பும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2012-இல் வெளியான தொடர் ஆய்வு தெரிவித்தது.

கருவியின் வரலாறு

இதற்குப் பயன்படும் கருவி கொலோனோஸ்கோப், அதாவது பெருங்குடல் அகநோக்கி. இதன் வரலாற்றில் ஓர் இந்தியரின் பங்கு உண்டு. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹெரால்டு ஹாப்கின்சுடன் சேர்ந்து, வளையும் கண்ணாடி இழைக்கற்றை வழியே உருவப்படத்தைக் கடத்த முடியும் என்பதை 1954-இல் மெய்ப்பித்தார். அதன் அடிப்படையில் 1957-இல் இரைப்பையைக் காணும் வளையும் அகநோக்கி உருவாயிற்று. 1969-இல் நியூயார்க்கில் உல்ஃப், ஷின்யா ஆகிய இரு மருத்துவர்கள், குடலுக்குள் செலுத்திய கருவியின் வழியாகவே கம்பிச் சுருக்கு ஒன்றை அனுப்பி முளையை அறுத்து எடுத்தனர். அதற்கு முன்னர், குடலின் உட்பகுதியில் உள்ள முளையை அகற்ற வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. இன்று சோதனையும் சிகிச்சையும் ஒரே அமர்வில் முடிகின்றன.

கண்டறிதல் விகிதம்

சாலை போட்டோம் என்றால் எத்தனை கிலோமீட்டர் என்று நாங்கள் கேட்போம். கொலோனோஸ்கோபி செய்தோம் என்றால் எதைக் கேட்பது? எத்தனை பேருக்குச் செய்தீர்கள் என்பது போதாது. நூறு பேரைச் சோதித்ததில் எத்தனை பேரிடம் குறைந்தது ஓர் அடினோமாவேனும் கண்டுபிடிக்கப்பட்டது என்பதே கேள்வி. இதனை அடினோமா கண்டறிதல் விகிதம் என்பர். இந்த அளவுகோல் 2002-இல் அமெரிக்க வல்லுநர் குழுவால் முன்வைக்கப்பட்டது. ஒரு மருத்துவரின் கண்டறிதல் விகிதம் 1 விழுக்காடு கூடினால், அவரிடம் சோதனை செய்துகொண்டவர்க்குப் பின்னாளில் புற்று தோன்றும் வாய்ப்பு 3 விழுக்காடு குறைகிறது என்று 2014-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கூறியது. குடல் நன்கு தூய்மையாக இருத்தல், கருவி பெருங்குடலின் தொடக்கம் வரை சென்றடைதல், வெளியே எடுக்கும்போது குறைந்தது 6 நிமிடமேனும் சுவரை நிதானமாகப் பார்த்தல் ஆகிய மூன்றும் இவ்விகிதத்தை உயர்த்துவன.

ஆனால் இந்த எண் சோதிக்கப்படுவோர் யார் என்பதைப் பொறுத்தும் மாறும். எனவே அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2024-இல் வெளியிட்ட தர அளவுகளில், 45 வயதுக்கு மேற்பட்ட பொதுமக்களிடையே குறைந்தது 35 விழுக்காடு என்றும், ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 30 என்றும் வகுத்தன. மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காட்டும் ஃபிட் என்னும் எளிய சோதனையில் இரத்தம் இருப்பதாகத் தெரிந்தவர்களைச் சோதித்தால் விகிதம் 50 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்றன. இவை மேலைநாட்டு மக்களுக்கான அளவுகள். நமது நாட்டிற்கு அப்படியே பொருந்தா. ஆயினும், ஒரே கருவி, ஒரே மருத்துவர், ஒரே நேரம் என்றாலும், சரியான ஆட்பிரிவைத் தேர்ந்தெடுத்தால் பயன் பெருமளவு கூடுகிறது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

நம் நாட்டின் நிலை

இந்தியாவில் இந்நோய் மேலைநாடுகளைவிடக் குறைவு. ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 பேருக்கே இது புதிதாகத் தோன்றுகிறது. வளர்ந்த நாடுகள் பலவற்றில் இது 30-க்கு மேல். எனினும் நமது மக்கள் தொகை பெரிது. ஆதலால் ஆண்டொன்றுக்குச் சற்றேறக்குறைய 65 ஆயிரம் புதிய நோயாளிகள் இங்குத் தோன்றுகின்றனர். நமது மருத்துவமனைகளுக்கு வருவோரில் 50 வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு கணிசமானது. நமது மக்களில் இளையோர் மிகுதி என்பது இதற்கு ஒரு காரணம். முற்றிய நிலையில் வருவோர் பலர் என்பது வேதனைக்குரியது.

தொற்றா நோய்களுக்காக மத்திய அரசு 2016-இல் வகுத்த வழிகாட்டு நெறிகளில், 30 வயது கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கான தேர்வாய்வு இடம்பெற்றது. பெருங்குடல் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. நோயின் பரவலையும் செலவையும் நோக்கினால் இது புரிந்துகொள்ளத்தக்கதே.

ஒரு கணக்கைப் பாருங்கள். இந்த ஊருக்கு அப்பால், கொடுங்கரைப் பள்ளத்தைக் கடந்தால் அட்டப்பாடி. அகளி, புதூர், சோலையூர் ஆகிய மூன்று ஊராட்சிகள். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 64 ஆயிரம் பேர். இவர்களுள் 45 வயதைக் கடந்தோர் நான்கில் ஒரு பங்கு என்று எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். அதாவது 16 ஆயிரம் பேர். ஒரு மருத்துவமனை வாரத்துக்குப் பத்துப் பேர் வீதம் ஆண்டுக்கு 500 பேருக்குச் சோதனை செய்யும் என்றும் கொள்வோம். அனைவருக்கும் ஒருமுறை செய்து முடிக்க 32 ஆண்டுகள் ஆகும். அதற்குள் வரிசையின் கடைசியில் நின்றவர்களுள் பலர் இருக்கமாட்டார்கள். வரிசையை வகுக்காமல் வசதியைத் திறந்துவிட்டால், பேருந்து வசதி உள்ளவரும் பேசத் தெரிந்தவரும் முன்னே நிற்பர். தேவை மிகுந்தவர் பின்னே நிற்பர்.

வரிசை எப்படி அமைய வேண்டும்?

முதலில் நிற்க வேண்டியவர் அறிகுறி உடையவர். மலத்துடன் இரத்தம் போதல், பல வாரங்களாக மலங்கழிக்கும் வழக்கம் மாறியிருத்தல், காரணமின்றி உடல் மெலிதல், இரும்புச்சத்துக் குறைவால் வந்த இரத்தசோகை ஆகியவை அறிகுறிகள். இவர்களுக்குச் செய்வது தேர்வாய்வு அன்று, நோயறிதல். இதனைத் தள்ளிப்போட எந்தத் திட்டத்துக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது, குடும்பத்தில் இந்நோய் உடையவர். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்குப் பெருங்குடற் புற்று வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவ்வுறவினருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னதாக, இவற்றுள் எது முந்தியதோ அப்போது சோதனையைத் தொடங்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. லிஞ்ச் நோய்த்தொகுதி என்னும் பரம்பரைக் குறை உள்ள குடும்பங்களில் 20 முதல் 25 வயதிலேயே தொடங்கி, ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். குடலெங்கும் நூற்றுக்கணக்கில் முளைகள் தோன்றும் மற்றொரு பரம்பரை நோயில் 10 முதல் 12 வயதிலேயே கவனம் தேவை. இத்தகைய குடும்பங்கள் சிலவே. ஆயினும் ஒரு நோயாளியைக் கொண்டு அவருடைய உறவினர் பலரைக் காக்க முடிவதால், செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பயன் மிகுதி.

மூன்றாவது, பெருங்குடலில் நெடுநாள் புண் அழற்சி உடையவர். நோய் தொடங்கி எட்டாண்டுகள் ஆனபின் இவர்களுக்குத் தொடர் கண்காணிப்பு வேண்டும். முன்னர் முளை அகற்றப்பட்டவரும் இப்பிரிவினரே. எனினும் இவர்கள் எல்லோரையும் ஆண்டுதோறும் அழைப்பது வீண். ஒன்றிரண்டு சிறு அடினோமா மட்டும் இருந்தவர் ஏழு முதல் பத்தாண்டு கழித்து வந்தால் போதும். பெரிய முளை, அல்லது ஐந்துக்கு மேற்பட்ட முளைகள் இருந்தவர் மூன்றாண்டில் வர வேண்டும். தேவையற்றவரை அடிக்கடி அழைத்தால் தேவையுடையவரின் இடம் பறிபோகும்.

நான்காவதாகவே, அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாத பொதுமக்கள். இவர்களுக்கு ஃபிட் சோதனையை முதற்படியாகக் கொண்டு, அதில் இரத்தம் தெரிந்தவரை மட்டும் கொலோனோஸ்கோபிக்கு அனுப்புவது பல நாடுகளில் உள்ள முறை. முன்சொன்ன 16 ஆயிரம் பேரில் நூற்றுக்கு ஐவருக்கு இரத்தம் தெரிகிறது எனக் கொண்டால், அகநோக்கி தேவைப்படுவோர் 800 பேர். முப்பத்திரண்டு ஆண்டு வேலை இரண்டு ஆண்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் முதல் மூன்று பிரிவினருக்கும் இடம் உறுதியான பின்னரே இதனைத் தொடங்க வேண்டும். இரத்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மேற்சோதனைக்கு இடமின்றி ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது அவருக்கு இழைக்கும் தீங்காகும்.

இவ்வாறு ஆட்பிரிவைத் தேர்ந்து செயற்படுவதற்குக் கேரளமே முன்னுதாரணம் தந்துள்ளது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிப் பகுதிகளில் 1996 முதல் வாய்ப்புற்றுத் தேர்வாய்வு ஆராயப்பட்டது. 2005-இல் வெளியான முடிவுகளின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையவர்களிடையே வாய்ப்புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று கண்ணால் பார்த்தே இதனைச் சாதித்தனர். பயன் திரண்டிருந்தது ஆபத்து மிகுந்த பிரிவினரிடத்தில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

இரத்தசோகையின் திரை

இந்த மலைப்பகுதிக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் மக்களிடையே இரத்தசோகை நெடுங்காலச் சிக்கல். ஊட்டக்குறைவு ஒரு காரணம். அரிவாள் அணு நோய் மற்றொரு காரணம். அரிவாள் அணு நோயை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள்.

இரத்தசோகை எங்கும் பரவியுள்ள இடத்தில் அது யாருக்கும் அறிகுறியாகத் தோன்றுவதில்லை. ஐம்பத்தைந்து வயது ஆண் ஒருவர் வெளுத்து, களைத்து வருகிறார். இரும்பு மாத்திரை கொடுக்கப்படுகிறது. சிறிது தேறுகிறார்; மீண்டும் வெளுக்கிறார்; மீண்டும் மாத்திரை. அவர் குடலில் ஒரு முளையோ புற்றோ துளித்துளியாக இரத்தம் கசியவிடுகிறதா என்ற கேள்வி எழுவதே இல்லை. இரும்பு மாத்திரை மலத்தைக் கருக்கச் செய்வதால், நிறமாற்றத்தைக் கண்டாலும் மாத்திரையால் என்று விட்டுவிடுகிறோம்.

ஆகவே களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரத்தசோகை உள்ள 40 வயது கடந்த ஆண்களையும், மாதவிலக்கு நின்ற பெண்களையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஃபெரிட்டின் என்னும் இரத்தப் பரிசோதனை வழியாக இரும்புச்சத்துக் குறைவு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறைவு உறுதியானால் குடற்புழுவுக்கு மருந்து கொடுப்பதோடு நின்றுவிடாமல், குடல் சோதனைக்கு அனுப்புங்கள். குருதி அளவைக் குறிக்கும் பதிவேடு ஏற்கெனவே உங்களிடம் உள்ளது. புதிய திட்டம் வேண்டியதில்லை. பதிவேட்டில் வயதையும் பாலையும் சேர்த்துப் பார்த்தால் போதும்.

ஆயத்தம் ஊரில் தொடங்குகிறது

குடல் தூய்மையாக இல்லாவிடில் மிகச் சிறந்த மருத்துவரும் தட்டையான முளைகளைத் தவறவிடுவார். தூய்மைக்காக 2 முதல் 4 லிட்டர் வரை பேதி மருந்துக் கரைசலை அருந்த வேண்டும். பாதியை முதல்நாள் மாலையிலும் மீதியைச் சோதனை நாளன்று விடியற்காலையிலும் அருந்துவதே சிறந்தது. இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்னரே நிறுத்த வேண்டும்.

நகரத்துக் குடியிருப்பில் இது தொல்லை மட்டுமே. இங்கு நிலைமை வேறு. கழிப்பிடம் இல்லாத, அல்லது இருந்தும் தண்ணீர் வராத வீட்டில், யானை நடமாடும் இரவில், ஒருவர் பத்து முறை வெளியே செல்ல முடியுமா? விடியற்காலை மருந்தைக் குடித்துவிட்டு, தடாகம் வழியாகக் கோவைக்கு 30 கிலோமீட்டர் பேருந்தில் அமர முடியுமா? முடியாது. அவர் மருந்தைப் பாதியில் நிறுத்துவார். சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதப்படும். அவரும் நிம்மதியாகத் திரும்புவார். அந்த நிம்மதி பொய்யானது.

எனவே மலையூர்களிலிருந்து வருவோரை முதல்நாளே மருத்துவமனையில் சேர்த்து, அங்கேயே ஆயத்தம் செய்விக்க வேண்டும். அட்டப்பாடியில் கோட்டத்தறை அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை உள்ளது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. ஒரு படுக்கை, ஒரு கழிப்பிடம், துணைக்கு வருபவருக்கு ஓர் இரவு உணவு ஆகியவற்றின் செலவு, வீணாகும் ஒரு சோதனையின் செலவைவிடக் குறைவு. போடிமெட்டு, குமுளி வழியாகத் தேனிப் பக்கம் இறங்கும் இடுக்கி மலைத்தோட்டத் தொழிலாளர்க்கும் இந்த ஏற்பாடு பொருந்தும்.

செலவும் எல்லையும்

2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் அடிப்படையில் அது உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. சேர்வதற்கு முந்திய 3 நாட்களின் செலவும், வெளிவந்தபின் 15 நாட்களின் செலவும் அதில் அடங்கும். புற்று முற்றியபின் அறுவைக்குப் பணம் உண்டு. புற்று வராமல் தடுக்கும் வெளிநோயாளிச் சோதனைக்குப் பணம் தேட வேண்டும். திட்டம் வகுப்போர் என்ற முறையில் நாங்கள் சிந்திக்க வேண்டிய முரண்பாடு இது. ஆபத்து மிகுந்த பிரிவினர் வரையிலாவது இச்சோதனையின் செலவை ஏற்பது நியாயமானது என்பது எனது தனிப்பட்ட கருத்து.

இச்சோதனையை மிகைப்படுத்தவும் கூடாது. இதில் குடற்சுவர் துளைபடும் ஆபத்து உண்டு. ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றாலும் உண்டு. போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வெளியாயிற்று. சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவினரிடையே பத்தாண்டுகளில் பெருங்குடற் புற்றின் ஆபத்து 18 விழுக்காடே குறைந்தது. அழைக்கப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினர் மட்டுமே சோதனைக்கு வந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். வசதி மிக்க நாடுகளிலேயே பாதிக்கு மேற்பட்டோர் வரவில்லை. வரவழைப்பது யார்? கருவி அல்ல; நம்பிக்கைக்குரிய ஓர் ஆள். இங்கு அந்த ஆள் ஆஷா பணியாளர்; எஸ்.டி. புரமோட்டர், ஊர் மூப்பர்.

முடிவாக

இரண்டாவது காரணத்தைக் கூறுவதாகச் சொன்னேன். என் தமையனார் பள்ளி ஆசிரியர். ஐம்பத்து நான்காம் வயதில் அவருக்கு மலத்துடன் இரத்தம் போயிற்று. மூலம் என்றார்கள், அவரும் மூலம் என்றே நம்பினார். களிம்பும் மாத்திரையுமாக ஓராண்டுக்கு மேல் கழிந்தது. அதுவரை எவரும் அகநோக்கியால் பார்க்கவில்லை. பார்த்தபோது புற்று குடலைத் தாண்டிக் கல்லீரலுக்குச் சென்றிருந்தது. மறு ஆண்டு ஆவணியில் அவர் காலமானார்.

அவரைக் கவனித்த மருத்துவர் என்னிடம், உங்களுக்கு வயது என்ன என்று கேட்டார். நாற்பத்தொன்பது என்றேன். சோதனை செய்துகொள்ளுங்கள் என்றார். எனக்கு அரசின் மருத்துவ வசதி உண்டு. மருத்துவமனை என் அலுவலகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. இருந்தும், கூச்சத்தாலும் அச்சத்தாலும் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். முடிவில் செய்துகொண்டபோது இரண்டு முளைகள் இருந்தன. ஒன்று 12 மில்லிமீட்டர். இரண்டையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். அன்று மாலையே வீடு திரும்பினேன்.

எல்லா வசதியும் உடைய நான் இரண்டு ஆண்டு தயங்கினேன் என்றால், கூலி வேலையை விட்டு, இரண்டு பேருந்து மாறி, கேள்விப்படாத ஒரு சோதனைக்கு வர வேண்டியவர் தயங்குவதில் வியப்பில்லை. ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது சிறிய செயல். அடுத்த வாரம் வீடுகளுக்குச் செல்லும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். மலத்தில் இரத்தம் போகிறதா? வீட்டில் யாருக்கேனும் குடலில் புற்று வந்ததா? ஆம் என்பவரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதோடு விடாமல், அவர் சோதனைக்குச் சென்று திரும்பும் வரை உடன் நில்லுங்கள்.